விண்ணளந்தவர்கள் – 17: வழிமறித்த கோவேறு கழுதைக்காரர்

1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரோமெடா என்ற சுருள் நெபுலாவைப் படம் பிடித்த இரவுக்கு இந்த வாரம் போகலாம் என்று சொல்லியிருந்தேன். போவோம். ஆனால் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஏறும்போதே ஒருவர் கோவேறு கழுதைகளோடு வழியை மறிக்கிறார். இவரை ஒதுக்கிவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

பெயர் மில்டன் ஹூமசன். 1891-இல் மின்னசோட்டாவில் பிறந்தவர். பதினான்கு வயது வாக்கில் இந்த மலைக்குக் கோடை முகாமுக்கு வந்தார். மலை பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போடுகிறேன் என்று வீட்டில் கெஞ்சி அனுமதி வாங்கினார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே திரும்பவில்லை.

அப்போது மலை உச்சியில் ஜார்ஜ் எல்லரி ஹேல் வானாய்வகம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுமானச் சாமான்களையும் கருவிகளையும் கோவேறு கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஹூமசனின் வேலை. போக வர இருந்ததில் ஆய்வகப் பொறியாளரின் மகள் ஹெலனோடு காதல், 1911-இல் கல்யாணம். நடுவில் சில காலம் பண்ணை வேலை. 1917-இல் ஆய்வகத்தில் துப்புரவுப் பணியாளர் வேண்டும் என்று தெரிந்ததும் மறுபடி மலையேறினார். அன்று உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியாக இருந்த 100 அங்குல ஹூக்கர், அந்த வருஷம் நவம்பரில்தான் முதன்முதலாகக் கண் திறந்தது.

பகலில் கூட்டிப் பெருக்கியவர் கொஞ்ச நாளில் இரவு உதவியாளரானார். கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கை அசையாது, பொறுமை குறையாது. அவர் எடுத்த படங்களைப் பார்த்த ஹேல், 1919-இல் அவரை ஆய்வாளர்கள் வரிசையிலேயே சேர்த்துவிட்டார். முனைவர்கள் நிறைந்த இடத்தில் பள்ளியிறுதிகூட முடிக்காத ஒருவர்! ஹேல் வேறு எதுவுமே செய்யாமல் போயிருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்காக அவரைக் கும்பிடலாம்.

அதே 1919-இல்தான் ஹப்பிள் வந்து சேர்ந்தார். மிசௌரியில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலம் பேசியவர். போர்முனையில் ஒரு குண்டுகூடச் சுடாமல் ‘மேஜர்’ பட்டத்தோடு திரும்பியவர். ராணுவக் கோட்டு காற்றில் படபடக்க, வாயில் வைத்த பைப்பிலிருந்து தீப்பொறி பறக்க, தொலைநோக்கியடியில் அவர் நின்ற முதல் இரவை ஹூமசன் கடைசிவரை மறக்கவில்லை. இந்த இரண்டு பேரும் எப்படி ஒட்டினார்கள் என்பது இன்றும் ஆச்சரியம்தான்.

அதற்கு முன் ஒரு கைக்குட்டைக் கதை இருக்கிறது. சுருள் நெபுலாக்கள் எங்கே இருக்கின்றன என்பது பற்றிய ஷாப்லி–கர்ட்டிஸ் வாதம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவை நம் பால்வெளிக்கு உள்ளேயே இருப்பவை என்று அடித்துச் சொன்ன ஹார்லோ ஷாப்லி, அப்போது இதே மலையில்தான் இருந்தார். ஆண்ட்ரோமெடாவின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஹூமசன், ஒளி கூடிக் குறையும் புள்ளிகள் சில இருப்பதைக் கவனித்து, தட்டின் பின்பக்கத்தில் மையால் குறியிட்டு ஷாப்லியிடம் நீட்டினாராம். அவை சீராக ஒளி கூடிக் குறையும் செஃபீட் நட்சத்திரங்களாக இருந்தால் ஆண்ட்ரோமெடாவின் தூரத்தையே கணக்கிட்டுவிடலாம். அதற்கான சூத்திரத்தை ஹென்ரியட்டா லெவிட் 1912-லேயே கொடுத்துவிட்டார். ஷாப்லியோ, அவை ஏன் செஃபீடாக இருக்கவே முடியாது என்று பாடம் நடத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் குறிகளைத் துடைத்துவிட்டாராம்.

வானியலாளர்களிடையே வாய்வழியாக வரும் கதை இது. எழுத்துச் சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. ஆனாலும் நம்புகிறேன். ஷாப்லி முட்டாள் அல்ல. சுருள்கள் சில வருஷங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுழல்கின்றன என்று அவருடைய நண்பர் வான் மானென் அளந்து சொல்லியிருந்தார். அவ்வளவு சுழற்சி தெரிய வேண்டுமானால் அவை பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். வெகுதூரத்தில் இருந்தால் ஒளியை மிஞ்சிய வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். கணக்கு சரி, அளவுதான் தப்பு. நண்பனின் அளவை நம்பியவர், எதிரில் நின்ற தொழிலாளியின் கண்ணை நம்பவில்லை. என் கணக்கில் வில்லன் அவர்தான்.

ஹூமசன் சண்டை போடவில்லை; வேலையைப் பார்த்தார். 1928-இல் ஹப்பிள் அவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார். சுருள் நெபுலாக்கள் பால்வெளிக்கு வெளியே உள்ள கேலக்ஸிகள் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. தொலைவிலுள்ள கேலக்ஸிகள் அதிக வேகமாக விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கேலக்ஸியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கால்சியத்தின் கறுப்புக் கோடுகள் தெரியும். கேலக்ஸி விலகிப் போகிறதென்றால் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும்.

சொல்ல எளிது. என்.ஜி.சி. 7619 என்ற மங்கலான கேலக்ஸிக்கு அவர் எடுத்த நிறமாலைகள் இரண்டு. ஒன்றுக்கு 33 மணி நேரம், மற்றொன்றுக்கு 45 மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரே தட்டு; விடிந்ததும் மூடிவைத்து, இருட்டியதும் திறந்து, இரவு இரவாக ஒளி சேர்க்க வேண்டும். கூடத்தில் கணப்பு மூட்ட முடியாது; சூடு பட்டால் காற்று அலையும், படம் கலங்கும். இலக்கு நிறமாலைக் கருவியின் பிளவிலிருந்து நழுவாதபடி குளிரில் கையால் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கிடைத்த விடை: நொடிக்கு 3,779 கிலோமீட்டர். வானியலாளர் ஸ்லைஃபர் அதுவரை அளந்திருந்த உச்ச வேகத்தைப் போல இரண்டு மடங்கு!

1929-இல் ஹப்பிளின் புகழ்பெற்ற கட்டுரை வந்தபோது, ஹூமசனின் இந்தக் கட்டுரையும் அதே இதழில் வந்தது. 1936 வாக்கில் நொடிக்கு 42,000 கிலோமீட்டர் வரை, அதாவது ஒளி வேகத்தில் ஏழில் ஒரு பங்கு வரை எட்டிவிட்டார். 1956-இல் வானியலாளர்கள் மேயால், சாண்டேஜ் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட பெரிய பட்டியலில் 620 கேலக்ஸிகளின் வேகங்கள் அவர் தரப்பில் அளந்தவை. பிரபஞ்சம் விரிகிறது என்று இன்று பள்ளிப் புத்தகம் சொல்கிறதே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பவை ஹூமசன் விழித்திருந்த இரவுகள்.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 1950-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1961-இல் அவர் கண்டுபிடித்த ஒரு வால்நட்சத்திரத்துக்கும், நிலவில் ஒரு சிறு பள்ளத்துக்கும் அவர் பெயர். 1972-இல் காலமானார். விண்ணில் மிதக்கும் தொலைநோக்கிக்கு வைத்த பெயர் ஹப்பிள் மட்டும்தான். பாதிப் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பேன்.

1923 அக்டோபர் இரவு அப்படியே காத்திருக்கிறது. ஷாப்லி துடைத்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்ட்ரோமெடாவில் ஹப்பிள் என்ன கண்டார், அந்தச் செய்தி கடிதமாகப் போனபோது ஷாப்லி என்ன ஆனார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.