கொத்தனார் மகன் பி.இ.

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தான். வயது முப்பத்தேழு. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ். பி.இ. சிவில். பகல் முழுக்க சைட்டில் நின்றுவிட்டு, சாயங்காலம் மலையிறங்கி சேலத்தில் பகுதி நேரமாகப் படித்து வாங்கியது. மூன்றரை வருடப் படிப்பு, இரண்டு அரியர் சேர்த்து நாலே முக்கால் வருடம் ஆயிற்று என்றான். "முதல்ல உங்ககிட்டதான் சார் காட்டணும்னு அப்பா சொன்னாரு" என்றான். எனக்குச் சந்தோஷமும் கூடவே கொஞ்சம் சங்கடமும். காரணம் இருக்கிறது.

அவன் அப்பா கொட்டச்சேட்டில் கொத்தனார். எஸ்டேட் லைன் வீடுகள், களம், தண்ணீர்த் தொட்டி, கோயில் மதில் என்று இந்தப் பக்கத்தில் அவர் கை படாத சுவர் குறைவு. மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதும் சித்தாள் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வழியில் மறித்து, "கலவை சுமக்கவா பிள்ளையைப் பெத்தீங்க? படிக்க வையுங்க, இந்த வேலை உங்களோட போகட்டும்" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைப்பு. அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "இந்த வேலையில என்னங்க சார் கேவலம்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனாலும் பையன் மறுபடி எழுதித் தேறினான். ஐ.டி.ஐ.யில் படவரைவாளர் சிவில், அங்கிருந்து நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, பிறகு வேலை, பிறகு இந்த பி.இ.

புறப்படும்போது அவன் ஒன்று கேட்டான். "சார், கட்டட வேலைக்கு எப்போ சார் பட்டம்னு ஒண்ணு வந்துச்சு? பட்டம் இல்லாமத்தானே தஞ்சாவூர் கோயிலைக் கட்டினாங்க?" ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெறலாம், கேள்வியிலிருந்து ஓய்வு கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். முன்பே தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் ஊரில் இது கட்டுவதற்காகத் தொடங்கவில்லை, அளப்பதற்காகத் தொடங்கியது. 1794 மே மாதம், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில், மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியால் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு நில அளவைப் பள்ளியைத் திறந்தது. மாணவர்கள் எட்டே பேர், அனாதை விடுதியிலிருந்து எடுத்த சிறுவர்கள். கம்பெனிக்கு நிலத்தை அளந்து வரி போட ஆள் வேண்டும், வெள்ளைக்கார சர்வேயரைக் கப்பலில் கொண்டுவந்தால் செலவு அதிகம். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் விதை அந்த எட்டுப் பையன்கள்தான். இது எனக்கு ஏனோ மிகவும் பிடித்த செய்தி.

அப்போது கட்டியவர்கள் யார் என்றால், நம் கொத்தனார்களும் கல்தச்சர்களும் ஒட்டர்களும்தான். சர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் 1836 வாக்கில் முக்கொம்பு மேலணையைக் கட்டினார். ஆற்று மணலில் அஸ்திவாரம் நிற்க வைக்கும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொண்டவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்களைக் கரிகாலன் காலம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம்.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மறு வருடம் நில அளவைப் பள்ளி சிவில் இன்ஜினியரிங் பள்ளி ஆனது, 1859-இல் கல்லூரி ஆனது. பட்டம் என்ற சொல் கட்டட வேலைக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். கூடவே ஓர் ஏணியும் நுழைந்தது. பொதுப்பணித் துறையில் மேலே என்ஜினீயர். அவருக்குக் கீழே 'அப்பர் சபார்டினேட்', அதற்கும் கீழே 'லோயர் சபார்டினேட்'. ஓவர்சியர் என்ற சொல் நம் கிராமம் வரைக்கும் வந்தது இப்படித்தான். மேஸ்திரியும் கொத்தனாரும் இந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. அவர்கள் ஏணியைத் தரையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.

கல்லூரி 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் உள்ளே வர மேலும் இருபது வருடம் ஆயிற்று. ஏ. லலிதா மின் பொறியியல், பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில். மூவரும் 1940-களில் பட்டம் பெற்றார்கள். சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்களாம். அந்தத் திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். ஆனால் சித்தாளாகச் செங்கல் சுமக்கும் பெண்கள் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். கொத்துக் கரண்டி பிடிக்கத்தான் விடவில்லை. இன்றும் ஏற்காட்டில் எந்த சைட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

பட்டம் கிடைக்காதவர்களுக்கு எல்.சி.இ. இருந்தது. எங்கள் சிறுவயதில் எல்.சி.இ. படித்தவர் என்றால் பெண் கொடுக்கப் போட்டி. சேலத்தில் தியாகராசர் பாலிடெக்னிக் 1958-இல் வந்தது. அரசுப் பொறியியல் கல்லூரி 1966-இல். இந்த மலையிலிருந்து கீழே பார்த்தால் விளக்கு தெரியும் தூரம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்த வாசலை மிதிக்க இன்னொரு தலைமுறை போயிற்று.

இன்னொரு வழியும் இருந்தது, பலருக்கு மறந்து போய்விட்டது. ஏ.எம்.ஐ.இ. 1920-இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்திய தேர்வு. பிரிவு ஏ, பிரிவு பி இரண்டையும் தேறினால் அரசு அதைப் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளும். கல்லூரிக்குப் போக வேண்டாம், வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. டிப்ளமோவோடு வேலைக்குப் போனவர்கள் ராத்திரியில் படித்து எழுதினார்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஓவர்சியர் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அரிக்கேன் விளக்கில் பதினோரு வருடம் எழுதினார். பிரிவு பி முடிக்கும்போது மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். 2013 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய சமநிலை இல்லை என்று ஆகிவிட்டது. ஏழை படித்த ஒரு கதவு அது. சத்தமில்லாமல் சாத்தினார்கள்.

இதெல்லாம் அளப்பதிலிருந்து கட்டுவதற்கு வந்த பாதை. எதிர்த் திசையில், கையிலிருந்து பட்டத்துக்குப் போன பாதை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. என் மாணவன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் கிடைத்தது.

1957-இல் தமிழக அரசு மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி தொடங்கியது. பிள்ளையார்பட்டி ஸ்தபதி மரபைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் மகன் வை. கணபதி ஸ்தபதி 1988 வரை பொறுப்பில் இருந்தார். இவர் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். உளியும் தெரியும், சமன்பாடும் தெரியும். அப்பனிடம் மகன், மாமனிடம் மருமகன் என்று வீட்டுக்குள் கற்ற தொழிலுக்குப் பாடத்திட்டம் எழுதி, தேர்வு வைத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பாக நிமிர்த்தியதில் அவர் பங்கு பெரிது. இன்று அங்கே மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். படிக்கலாம். கல்லூரி இப்போது இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. மயமதமும் முழக்கோல் கணக்கும் ஒரு சில குடும்பங்களுக்குள் பூட்டிக் கிடந்தவை. கல்லூரி என்று ஆனதும் யார் வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். கணபதி ஸ்தபதி குமரிமுனையில் எழுப்பிய வள்ளுவர் சிலையைப் பாருங்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறந்தார்கள். சுனாமி அடித்தபோதும் நின்றது. கல்லுக்கு நடுவே வெற்றிடம் விட்டு, எடையைக் கணக்குப் போட்டு ஏற்றிய வேலை. அதைக் கல்லூரிப் படிப்பு என்பதா, பரம்பரை வித்தை என்பதா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஒரு குறை சொல்லாமல் விட முடியாது. கோயில் கட்டுபவனுக்கு இந்த மரியாதை வந்தது. வீடு கட்டுபவனுக்கு வரவில்லை. செங்கல் அடுக்கும் கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தச்சர், இவர்கள் முப்பது வருடம் செய்த வேலைக்கு எந்தப் பல்கலைக்கழகம் மதிப்பெண் போட்டது? ஜெர்மனியில் கொத்து வேலையில் மைஸ்டர் தேர்வு தேறியவரின் தகுதியை இளநிலைப் பட்டத்தின் அதே நிலையில் வைத்திருக்கிறார்கள். 2020-லிருந்து 'பேச்சலர் புரொபஷனல்' என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளவும் சட்டம் இருக்கிறது. இங்கே 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு பி.வோக். என்று தொழில் பட்டப் படிப்பு கொண்டுவந்தது. நல்ல யோசனைதான். ஆனால் நம் சனம் பி.இ. என்றால்தான் பட்டம் என்கிறது, என்ன செய்வது.

நம் பக்கத்துச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 1984-க்குப் பிறகு தனியார் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 2007-இல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010-லிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை, 2021-லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீதம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே வந்துவிட்டது. அதில் பதிவு செய்த தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. இதைப் படிக்கும் கொத்தனார், சித்தாள், பெயிண்டர் யாராவது இன்னும் பதியாமல் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே பதியுங்கள். என் மாணவனின் அப்பா பதியவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சங்கடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியின் பின்புறச் சரிவில் கருங்கல் தடுப்புச் சுவர் கட்டினார்கள். இவர்தான் கொத்தனார். சுவரில் அங்கங்கே தண்ணீர் வடியத் துளை விடணும், இல்லாவிட்டால் மண்ணு ஊறி நெஞ்சைத் தள்ளும் என்றார். மேற்பார்வைக்கு வந்தவர் பட்டம் படித்தவர். வரைபடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். படித்தவர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. நானே பட்டம் இல்லாத ஆள், இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி மட்டும்தான். பட்டதாரி ஆசிரியர் முன்னால் நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பழகிய உடம்பு. மூன்றாம் மழைக்குச் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி பிதுங்கியது. நல்லவேளை, அது விடுமுறை நாள்.

குப்பனூர்ச் சாலையில் வருகிறவர்கள் தடுப்புச் சுவர்களைக் கவனியுங்கள். பெரிய மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டியெல்லாம் எங்கள் கொட்டச்சேடு வழியாகத்தான் திருப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் சுவர்த் துளைகளிலிருந்து செம்மண் தண்ணீர் கம்பியாக வடிந்துகொண்டிருக்கும். வடிந்தால் சுவர் பிழைத்தது என்று பொருள்.

நேற்று அவன் மறுபடி வந்தான், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. பழைய வீட்டைப் பிரித்துவிட்டு இரண்டு அறை, ஒரு திண்ணையோடு புதிதாகக் கட்டப் போகிறார்கள். மகன் கம்ப்யூட்டரில் போட்ட பிளானை என் திண்ணையில் விரித்தான். நான், "அன்னிக்கு நான் பேசினது தப்புங்க" என்றேன். பெரியவர் காது கேட்காதவர் மாதிரி பிளானையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் படிக்கத் தெரியாது, கோடு படிக்கத் தெரியும். மூலைமட்டம் எப்படிப் பிடிப்பீர்கள் என்று முன்பு கேட்டபோது "மூணு, நாலு, அஞ்சு அடி கயிறு சார்" என்றவர். நான் பைதாகரஸ் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது அதைத்தான்.

கடைசியில் விரலை மேட்டுப் பக்கச் சுவரில் வைத்து மகனைப் பார்த்தார்.

"இங்க தண்ணி எங்கடா வடியும்?"

மகன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான்.