பதினாலு கிழமைக்கு அறுபது வருடம்

சுவிசில் வேலை செய்கிற எங்கட பெண்களுக்கு பிள்ளை பிறந்தால் 14 கிழமை காசோடு விடுமுறை இருக்கிறது. "வெள்ளைக்காரன் நாடுதானே, உதெல்லாம் எப்பவோ இருந்திருக்கும்" என்று எங்கட ஆட்கள் நினைக்கிறார்கள். கதை அப்படியில்லை.

1877 இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக 8 கிழமை பெண்களை வேலை வாங்கக்கூடாது என்றது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம். ஆனால் அந்த 8 கிழமைக்கும் சம்பளம் இல்லை! வேலைக்கு வராதே, சாப்பாட்டுக்கு நீயே வழிபார் என்பதுதான் அதன் அர்த்தம்.

1945 நவம்பர் வாக்கெடுப்பில், மகப்பேற்றுக் காப்புறுதி அமைக்கவேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். வாக்குப் போட்டவர்கள் முழுப்பேரும் ஆண்கள். பெண்களுக்கு நாடு முழுவதற்குமான வாக்குரிமை வந்ததே 1971 இல்தான். எழுதினார்களே தவிர காப்புறுதி வரவில்லை. 1984, 1987, 1999 என்று மூன்று தரம் மக்களிடம் போய் மூன்று தரமும் தோற்றது. 1999 இல் எதிர்த்தவர்கள் 61 வீதம். ஜெனீவா மாநிலம் பொறுக்கமாட்டாமல் 2001 இல் தனக்கென்று ஒன்றைக் கொண்டுவந்தது.

இதற்குள் ஒரு கூத்து. பிள்ளை பெற்று 8 கிழமைக்கு வேலை செய்யத் தடை. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வருடம் என்றால், பொதுச்சட்டப்படி முதலாளி கொடுக்கவேண்டியது 3 கிழமைச் சம்பளம்தான். அடிக்கடி வேலை மாறுகிற, துப்புரவு வேலை செய்கிற பெண்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2004 செப்டெம்பர் 26 இல்தான் 55 வீதத்துக்கு மேல் "ஆம்" விழுந்தது. 2005 யூலை 1 முதல் 14 கிழமை, சம்பளத்தில் 80 வீதம். காசு புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. ஆமிக்குப் போகிறவர்களின் சம்பள இழப்பை ஈடுசெய்ய வைத்திருந்த நிதியிலிருந்து வந்தது. அந்த நிதிக்கு வேலை செய்த பெண்களும் வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்பாமாருக்கு இரண்டு கிழமை கிடைத்தது 2021 இல். அதற்கும் 2020 இல் ஒரு வாக்கெடுப்பு.

இந்தக் காசுக்கு சுவிஸ் பாஸ்போட் தேவையில்லை. பிரசவத்துக்கு முந்திய 9 மாதம் காப்புறுதியில் பதிவு இருக்கவேண்டும், அதில் 5 மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும். ரெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: "கையில காசு, பதிவு வேண்டாம்" என்கிற முதலாளி தமிழனாக இருந்தாலும், அவன் மிச்சம் பிடிப்பது உங்கள் பிள்ளையின் 14 கிழமையை.