எண்ணெய்த் தாங்கி அடித்தளத்தில் பற்றவைப்புத் திரிபு

கொழும்பை அண்டிய கொலன்னாவை, முத்துராஜவெல எண்ணெய்க் குதங்களில் காணப்படுவது போன்ற பெரிய உருளைத் தாங்கிகளின் அடித்தளம், மெல்லிய உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்பு படிய வைத்துப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) அமைப்பது. எண்ணெய்த் தாங்கிகளுக்கான ஏபிஐ 650 நியமப்படி அத்தகட்டின் குறைந்தபட்சத் தடிப்பு, அரிமானத்துக்கு விடும் உபரி நீங்கலாக, 6 மில்லிமீற்றர். பல மீற்றர் அகலத்துக்கு இது மிக மெல்லியது; ஆகவே மூட்டு குளிர்ந்து சுருங்கும்போது தகடு எளிதில் புடைத்துவிடும். இப்புடைப்பே பற்றவைப்புத் திரிபு.

திரிபின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது வேலை வரிசை. முதலில் குறுக்கு மூட்டுகள், பின்னர் நீள மூட்டுகள், நடுவிலிருந்து வெளிநோக்கி, சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றையும் வேலை முன்னேறும் திசைக்கு எதிராகப் பற்றவைத்தால் ஒவ்வொரு தகடும் தடையின்றிச் சுருங்க இடமுண்டு. சுவரையும் அடித்தளத்தையும் சேர்க்கும் மூட்டு முடிந்த பிறகே விளிம்பு வளையத் தகடுகளை உட்தகடுகளோடு இணைப்பதும் இதற்காகவே. பாரம் வைத்து அழுத்தினால் போதாதா எனலாம். அது பற்றவைக்கும்போது தகட்டை அசையாமல் பிடிக்கும். ஆனால் தடுக்கப்பட்ட சுருக்கம் உள்தகைப்பாகத் தங்கி, பாரத்தை எடுத்ததும் புடைப்பாக வெளிப்படக்கூடும். எண்ணெயின் எடையே புடைப்பைச் சமப்படுத்தும் என்ற வாதமும் அரைகுறையானது: நிரப்பும்போது தாழ்ந்து வெறுமையாக்கும்போது எழும் தகட்டின் மூட்டுகள் களைத்து வெடிக்கலாம், பள்ளங்களில் தேங்கும் நீர் துருவை வளர்க்கும். அளவுக்கு மிஞ்சிய தடிப்பில் மூட்டிடுவதும் சுருக்கத்தைக் கூட்டுவதால், வரைபடம் கேட்கும் அளவே போதுமானது.