கால் காயமும் ஒரு புள்ளிவிவரமும்: பைபாஸ் சிரை எடுப்பு குறித்த 2009 ஆய்வின் மறுவாசிப்பு

பைபாஸ் அறுவையின் வரலாறு எழுதுவோர் நெஞ்சோடு நின்றுவிடுகிறார்கள். இதயத்துக்கு ஒட்டுப்போடச் சிரையைத் தந்த காலுக்கு அதில் இடம் குறைவு. கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ 1967இல் தொடங்கிவைத்தார் என்பது வழக்கமான தொடக்கவரி. ஹூஸ்டனில் கேரட் குழுவினர் 1964லேயே கால் சிரையைப் பொருத்திவிட்டு, 1973இல்தான் அதை வெளியிட்டார்கள். செய்த நாளா, சொன்ன நாளா, எதை முதலாவதாகக் கொள்வது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. கணுக்காலிலிருந்து தொடைவரை போடும் நீள வெட்டோ அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் மாறவில்லை.

அந்த வெட்டு எளிதில் ஆறாது. சிரையைத் தேடிக் கொழுப்பைப் பிரிக்கும்போது தோலுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள் அறுபடும், நிணநீர்ப் பாதை சிதையும். நீரிழிவோ உடற்பருமனோ கால் தமனி அடைப்போ சேர்ந்தால் தையல் விலகும், சீழ் பிடிக்கும். நெஞ்சு ஆறி வீடு திரும்பியவர்கூடக் காலுக்குக் கட்டுமாற்ற மருத்துவமனைக்கு நடக்க நேரும்.

சிறு துளை வழியே சிரையை எடுக்கும் எண்டோஸ்கோப் முறை 1990களில் வந்தது. கீத் ஆலன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நீள வெட்டில் 19 விழுக்காடாக இருந்த கால் காயச் சிக்கல் இம்முறையில் 4 விழுக்காடுதான்.

இந்த உற்சாகத்தை 2009இல் ரெனேட்டோ லோப்ஸ் குழுவின் கட்டுரை கலைத்தது. சுமார் 3,000 நோயாளிகள். 12 முதல் 18 மாதங்களில் எடுத்த ஆஞ்சியோகிராமில், சிரை ஒட்டு பழுதானவர்கள் எண்டோஸ்கோப் முறையில் 46.7 விழுக்காடு, நீள வெட்டில் 38.0. மூன்றாண்டு இறப்பும் எண்டோஸ்கோப் முறையில் கூடுதல். காலைக் காப்பாற்றி இதயத்தை விட்டுவிட்டோம் என்று பலர் இதைப் படித்தார்கள்.

இந்த வாசிப்பு ஏற்கத்தக்கதன்று. அந்தத் தரவு எடிஃபோலிகைடு என்ற மருந்தைச் சோதிக்கத் திரட்டப்பட்டது. மருந்தா போலியா என்பதற்குத்தான் குலுக்கல் நடந்தது, சிரை எடுக்கும் முறைக்கு அன்று. நோயாளிகள் சேர்க்கப்பட்டது 2002–2003இல், கருவிக்குக் கை பழகிவந்த காலம். அமெரிக்காவில் சிரையை எடுப்பவர் பெரும்பாலும் தலைமை மருத்துவர் அல்லர், உதவியாளர்தான். சிரையைச் சற்று இழுத்தாலே உட்படலம் காயப்படும். எடுத்தவரின் அனுபவம் கணக்கில் வராதபோது, பழுதுக்குக் காரணம் கருவியா கையா என்று எப்படிப் பிரிப்பது? நீள வெட்டிலேயே 38 விழுக்காடு பழுதென்பதும் ஏனோ பேசப்படவில்லை.

2019இல் வெளியான ரீகுரூப் ஆய்வு இங்கே உதவுகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான 16 மருத்துவமனைகளில் 1,150 பேர்; இம்முறை குலுக்கல் சிரை எடுக்கும் முறைக்கே. நூறுக்கு மேற்பட்ட சிரைகளை எண்டோஸ்கோப்பால் எடுத்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை மூன்றும் சேர்த்து எண்டோஸ்கோப்பில் 13.9 விழுக்காடு, நீள வெட்டில் 15.5, இவ்வேறுபாடு புள்ளியியலில் பொருட்படுத்தத்தக்கதன்று. கால் காயத்தொற்று எண்டோஸ்கோப்பில் 1.4 விழுக்காடு, நீள வெட்டில் 3.1.

ஆயினும் வழக்கு முடியவில்லை. ரீகுரூப் எல்லோருக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த ஆய்வன்று. ஒட்டுகள் அடைபடாமல் இருந்தனவா என்ற லோப்ஸின் கேள்விக்கு அது நேர்விடை தரவில்லை. இதற்கிடையே, சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தெடுக்கும் சுவீடனின் டொமிங்கோஸ் சோசா வகுத்த முறை, ஒட்டின் நன்மையைக் காட்டி, பெரிய காயத்தை மீண்டும் காலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.