பதினேழு பேரின் கண்கள்

கணினித் திரையில் ஒளிரும் ஒளிப்படம், வீட்டு அச்சுப்பொறியிலிருந்து வெளிவரும்போது இருண்டும் நிறம் திரிந்தும் காணப்படுவது பலரும் அறிந்ததே. பழி பெரும்பாலும் மையின் மீது விழுகிறது. ஆனால் திரை ஒளியை உமிழ்கிறது. தாளோ, மை விழுங்கியது போக மீந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டையும் 'ஒரே நிறம்' எனச் சொல்ல, இரண்டிற்கும் புறத்தே ஓர் அளவுகோல் வேண்டும். அது கணினிக்கு முந்தையது.

1920களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் 10 பேரையும், டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்ட் 7 பேரையும் வைத்துச் சோதனை நடத்தினர். வட்டத்தின் ஒரு பாதியில் ஓர் ஒற்றை அலைநீள ஒளி; மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளைக் கூட்டியும் குறைத்தும் அதற்கு இணை தேட வேண்டும். சில நிறங்களுக்கு இணை கிட்டவேயில்லை. ஒரு விளக்கை எதிர்ப்பாதிக்கு மாற்றி, அதை எதிர்மறை எண்ணாகக் குறிக்க வேண்டியிருந்தது. கருவிகள் வேறாயினும் இரு முடிவுகளும் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போயின. 1931இல் கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியியல் ஆணையம் அவற்றிலிருந்து 'திட்டக் காண்போர்' என்னும் கற்பனை மனிதரை உருவாக்கியது. இன்றும் வண்ணக் கணக்கீடுகள் பெரும்பாலும் அவர் கண்ணையே நம்பியிருக்கின்றன. பதினேழு என்பது சிறிய எண்தான். எனினும் தனித்தனியே பெற்ற இரு முடிவுகள் ஒத்துநின்றதே அதன் வலிமை.

1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பை நிறுவின. பத்துக் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச 90 மாற்றுவழிகள் தேவை. நடுவே ஒரு பொதுமொழி இருந்தால் 20 போதும். எந்திர மொழிபெயர்ப்பில் நெடுங்காலம் கனவாகவே நின்ற இடைமொழி, நிறத்தில் கைகூடியது. பொருள் என்ன என்பதில் 1931லேயே உடன்பாடு ஏற்பட்டிருந்ததே காரணம்.

மொழிபெயர்க்க இயலாச் சொற்கள் இங்கும் உண்டு. திரையின் ஆழ்நீலம் பல மைகளுக்கு எட்டாது. அப்போது படம் முழுவதையும் சற்றே சுருக்கி உறவுகளைக் காப்பதா, எட்டுவதை அப்படியே வைத்து எட்டாததை வெட்டுவதா என்று தெரிவு செய்ய வேண்டும். அச்சிடும் சாளரத்தில் எவரும் பொருட்படுத்தாத அந்தச் சிறு தெரிவுப்பட்டியல் உண்மையில் ஒரு மொழிபெயர்ப்புக் கொள்கை.

1998இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் 5.0இன் வண்ணவெளிகளுள் ஒன்று, ஆவணத்திலிருந்து எண்களைத் தவறாக எடுத்ததால் பிறந்தது. பயனர்களுக்கு அதன் அகன்ற பச்சை பிடித்துவிட்டது. பிழை நீக்கப்படவில்லை; பெயர் மாற்றப்பட்டது: அடோபி ஆர்ஜிபி 1998. படியெடுப்போர் பிழையால் பிறந்து அகராதியில் நிலைத்த சொற்களை மொழியியலார் நன்கறிவர்.

வீட்டில் பயன்படுத்துவோர்க்கு வேறு வழி அமைந்தது. எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. விவரக்கோப்பு இல்லாத படம் எஸ்ஆர்ஜிபியே எனக் கொள்வது வழக்கமாயிற்று. இவ்வழக்கிலும் இடறல் உண்டு. மென்பொருள் ஒருமுறையும் அச்சுப்பொறியின் இயக்கி மறுமுறையும் நிறத்தை மாற்றினால், மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பே கையில் கிடைக்கும். அச்சு விவரக்கோப்பு பொறி, மை, தாள் மூன்றும் சேர்ந்த ஒன்றுக்கே உரியது; தாளை மாற்றினால் அது பொய்க்கும். அச்சு இருண்டு தோன்றுவதற்கோ திரையின் மிகை ஒளியே பெரும்பாலும் காரணம். அதை எந்தக் கோப்பும் சரிசெய்யாது.

இத்தனையும் பொருந்தினாலும், பொதுமொழியின் வெண்மை டி50 எனும் வரையறுத்த ஒளிக்கே உரியது. வரவேற்பறையின் எல்இடி விளக்கு அந்த ஒளி அன்று.