மத்தியஸ்தத்தின் எல்லை: முசலிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்குத் தீர்ப்பதை ஊர்ப் பஞ்சாயத்து மரபின் தொடர்ச்சியெனப் போற்றுவோர், அதன் எல்லையை அரசு எங்கே வரைந்துள்ளது என்பதைக் கவனிப்பதில்லை. நாம் இங்கு நோக்குவது அவ்வெல்லையையே.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இணக்க சபைகள், நியமனங்களில் கட்சி அரசியல் புகுந்ததென்ற குற்றச்சாட்டோடு 1978இல் மறைந்தன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை உருவாக்கிற்று. தொடக்கத்தில் ரூ. 25,000ஐ விஞ்சாத பிணக்குகள் முதலில் அங்கேயே செல்லவேண்டியிருந்தன. பிணக்காளர் ஒவ்வொருவரும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவர். அவ்விருவரும் தலைவரைத் தெரிவர். சட்டத்தரணிக்கு இடமில்லை. சம்மாட்டியிடம் முற்பணம் பெற்ற மன்னார்க் கடற்றொழிலாளர் அவருக்கு எதிரே சமமாக அமரலாம். மறுநாள் அவரது படகிலேயே தொழிலுக்குச் செல்லவேண்டும் என்பதைச் சட்டம் அறியாது.

பிணக்காளருள் ஒருவர் அரசாயின்? கட்டாய மத்தியஸ்தத்தினின்று அப்பிணக்கு விலக்கப்பட்டுள்ளது. 2007 செப்டெம்பரில் முசலிப் பிரதேசத்து முள்ளிக்குளம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவ்வூர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமாயிற்று. அயலவரின் வேலி பற்றி முறையிடச் சபை உண்டு. ஊரே வேலிக்குள் அகப்பட்டால் இல்லை.

எஞ்சியவர் ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர். 1981இன் சட்டத்தால் அமைந்த இப்பதவிக்கு, 1994இன் திருத்தம் வரை பொதுமக்கள் நேரே முறையிட இயலாது. பாராளுமன்றத்தின் வழியே செல்லவேண்டும். அவர் விதந்துரைக்கலாம், கட்டளையிடலாகாது.

2017 மார்ச்சில் முள்ளிக்குளத்தார் முகாமருகே தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். ஏப்பிரல் இறுதியில் 100 ஏக்கர் விடுவிக்கப்படுமென்ற உறுதிமொழி கிடைத்தது. கடற்படையினரின் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளின் விடுவிப்புப் பின்னொரு காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.