“எவ்வுள்?” – சென்னையிலிருந்து திருப்பதிக்கு நடந்த பாதையின் கதை

1/
மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. மருந்து, மாத்திரை இல்லை, வரலாறு. ஆனா கடைசியில உங்க காலுக்கும் உயிருக்கும் சம்பந்தப்பட்ட இடத்துலதான் போய் நிக்கும். முழுசாப் படிங்க.

ஸ்பெயினுக்குப் போய் “காமினோ” நடக்கணும்னு ஆசைப்படுற நம்ம ஊர்க்காரங்க இப்ப நிறைய. வேப்பம்பட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு சேதி: அதே மாதிரி ஒரு பழைய யாத்திரைப் பாதை உங்க வீட்டுப் பக்கத்துலயே ஓடுது. பேரு சி.டி.எச். ரோடு.

2/
முதல்ல காமினோ. ஸ்பெயினோட வடமேற்கு மூலையில கலீசியான்னு ஒரு மாநிலம். அதன் தலைநகர் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா. இயேசுவின் சீடர் யாக்கோபுவின் கல்லறை அங்கே இருக்குன்னு 9-ஆம் நூற்றாண்டுல இருந்து நம்பிக்கை. பிரான்ஸ் எல்லையில கிளம்பினா சுமார் 780 கிலோமீட்டர், அஞ்சு வாரம் நடக்கணும். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தால்தான் சான்றிதழ்.

3/
இப்ப நம்ம பாதை. பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், திருப்பதி. சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அப்புறம் அலிபிரியில 3,550 படி.

வருஷா வருஷம் பிரம்மோற்சவ சமயத்துல சென்ன கேசவப் பெருமாள் கோயில்ல இருந்து யானைக்கவுனி தாண்டிக் கிளம்புற திருக்குடை ஊர்வலம் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாத்தான் போகும். புரட்டாசியில மஞ்சள் துணி கட்டி, வெறுங்காலோட நடக்கிறவங்களையும் இந்த ரோட்டுல பார்த்திருப்பீங்க.

4/
ஒரு டாக்டரா இந்த ரோட்டைப் பார்த்தா எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையா இருக்கும். திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் நடுவுல 15 கிலோமீட்டர்கூட இல்லை. அதுக்குள்ள மூணு “டிபார்ட்மென்ட்” இருக்கு: இருதயம், மகப்பேறு, பொது மருத்துவம். வேப்பம்பட்டு சரியா நடுவுல.

5/
இருதயம்: திருநின்றவூர் இருதயாலீஸ்வரர். காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கல் கல்லா அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில பல்லவ மன்னன் கட்டின பெரிய கோயிலுக்கும் அன்னைக்குத்தான் குடமுழுக்கு. “நான் பூசலார் கோயிலுக்குப் போறேன், உன் விழாவைத் தள்ளி வை”ன்னு சிவன் கனவுல சொன்னதா பெரியபுராணக் கதை. இன்னைக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடி இதய நோயாளிகள் இங்க வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க.

6/
மகப்பேறு: புட்லூர் அங்காளம்மன். நிறைமாசக் கர்ப்பிணியா, மல்லாந்து படுத்த கோலத்துல புற்றா இருக்கிற அம்மன். குழந்தை வேணும்னு வர்றவங்க ஏராளம்.

பொது மருத்துவம்: திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். பேரே வைத்திய வீரராகவர்தான். அமாவாசைக்கு வந்து குளத்துல வெல்லம் கரைச்சா மரு கரையும்னு நம்பிக்கை. வேண்டுதலை நிறைவேத்துங்க, அப்படியே தோல் டாக்டரையும் ஒரு தடவை பார்த்துடுங்க. ரெண்டுக்கும் சண்டை இல்லை.

7/
திருவள்ளூரோட பழைய பேர் திருஎவ்வுள். திருமழிசை ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடின தலம். இந்தப் பேருக்குத் தலபுராணம் சொல்ற காரணம்தான் இந்த இழையோட மையம்.

சாலிஹோத்ரர்னு ஒரு முனிவர் இங்க விரதம் இருந்தார். விரதம் முடிச்சுச் சாப்பிட உட்காரும்போது ஒரு வயசான வழிப்போக்கர் வந்தார். இருந்த மாவு முழுசையும் அவருக்கே கொடுத்தார் முனிவர். சாப்பிட்டுட்டு பெரியவர் கேட்டார்: “களைப்பா இருக்கு, படுக்கணும். எவ்வுள்?” அதாவது எந்த அறை? முனிவர் தன் குடிசையையே காட்டினார். அங்கே படுத்தவர் பெருமாள். இன்னைக்கும் சயனக் கோலம்தான்.

8/
யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊரோட பேரே “எனக்குப் படுக்க இடம் எங்கே?”ன்னு ஒரு வழிநடைக்காரர் கேட்ட கேள்வி.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: யாத்திரைப் பாதைன்னா தார் ரோடு இல்லை, மைல்கல் இல்லை. பாதையோரத்துல தண்ணி, நிழல், படுக்க இடம் வச்சவங்கதான் பாதை. அவங்க இல்லைன்னா அது வெறும் ரோடு.

9/
நம்ம முன்னோர் அந்தக் கேள்விக்குக் கொடுத்த பதில், சத்திரம். திருவள்ளூர் தாண்டித் திருத்தணிக்குப் போற வழியில கனகம்மாசத்திரம்னு ஊர் இருக்கே, பஸ்ல எத்தனை தடவை கடந்திருப்பீங்க? ஒரு அம்மா பேர்ல இருந்த சத்திரம், ஊர் பேராவே நின்னுடுச்சு. தமிழ்நாடு முழுக்கச் சத்திரம்னு முடியற ஊர்ப் பேரைக் குறிச்சுக்கிட்டே வாங்க. பழைய நடைவழிகளோட வரைபடம் கிடைச்சிடும்.

10/
அந்தக் காலத்துல எப்படி நடந்தாங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு நல்ல சாட்சி இருக்கார். ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18-ஆம் தேதி, குடும்பம், வேலையாட்கள்னு கிட்டத்தட்ட நூறு பேரோட சென்னையில இருந்து காசிக்குக் கிளம்பினார். முதல் பெரிய தலம் திருப்பதி. 1831 செப்டம்பர்லதான் திரும்பினார்.

தெலுங்குல அவர் எழுதின காசி யாத்திரைக் குறிப்பைப் படிச்சா கோயிலுக்குச் சமமா இன்னொரு விஷயம் வரும்: இந்த ஊர்ல தண்ணி நல்லா இருக்கா, கடை இருக்கா, தங்க இடம் இருக்கா. நடக்கிறவனுக்கு அதுதான் உயிர்.

11/
சத்திரம்னா வெறும் திண்ணையும் சோறும்னு நினைக்காதீங்க. இதுக்குச் சரியான ஆதாரம் நம்ம பாதையில இல்லை, தெற்கே தஞ்சாவூர்ல, ராமேஸ்வரம் போற பாதையில இருக்கு.

1799-ல தஞ்சை நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போச்சு. சத்திரங்களுக்கு விட்ட நிலங்களும் போயிடுமோன்னு பயந்த சரபோஜி மன்னர், 1801-ல ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு பட்டியல் போட்டு, இதை மட்டும் என்கிட்டயே விட்டுடுங்கன்னு கேட்டார்.

12/
அந்தப் பட்டியலோட சுருக்கம்:
• எந்தச் சாதி, எந்த ஊர்க்காரர் வந்தாலும் சாப்பாடு.
• நடுராத்திரியில மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க இருந்தா வாங்கன்னு கூப்பிடுவாங்க.
• நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியர் உண்டு. வழியில நோயாளி ஆனவருக்குக் குணமாகிற வரைக்கும் மருந்து, பத்தியச் சாப்பாடு.
• கைக்குழந்தைகளுக்குப் பால்.
• வழியில வலி வந்த கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம், பிறகும் கவனிப்பு.
• பெத்தவங்களை இழந்த பிள்ளைகளுக்கு வளர்ப்பும் படிப்பும்.
• இறந்துபோன வழிப்போக்கருக்கு அவரவர் முறைப்படி இறுதிக் காரியம்.

இதுக்கு இன்னைக்கு நாம என்ன பேர் வைப்போம்? ஆஸ்பத்திரி.

13/
சும்மா சொல்லலை. “ஹாஸ்பிடல்”ங்கிற வார்த்தையோட வேர் லத்தீன்ல “ஹோஸ்பெஸ்”. அர்த்தம் விருந்தாளி, விருந்து கொடுப்பவர். இடைக்கால ஐரோப்பாவுல ஹாஸ்பிடல்னா முதல்ல யாத்ரீகர் தங்குற இடம். வந்தவருக்குக் காய்ச்சல்னா கவனிப்பாங்க. அதுல இருந்து வளர்ந்ததுதான் என் தொழில் நடக்கிற கட்டடம்.

சாந்தியாகோ பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்துலயே, 1499-ல ஃபெர்டினான்ட், இசபெல்லா ஆணையில தொடங்கின அரச ஹாஸ்பிடல் இன்னும் நிக்குது. இப்ப அது சொகுசு ஹோட்டல்!

14/
இதே காமினோவுல காஸ்த்ரோஹெரிஸ் ஊர் பக்கத்துல சான் ஆன்தோன் மடத்தோட இடிபாடு இருக்கு. “புனித அந்தோணியார் நெருப்பு”ன்னு ஒரு கொடிய நோய்க்கு அங்க வைத்தியம். கை கால் எரிஞ்சு, கருத்து, அழுகி விழும். காரணம் ரை தானியத்துல வளர்ற எர்காட்னு ஒரு பூஞ்சை. அது ரத்தக் குழாய்களை இறுக்கிடும். மடத்துல நல்ல கோதுமை ரொட்டி கிடைச்சதும் பலருக்குக் குணம் தெரிஞ்சிருக்கும்னு சொல்லுவாங்க.

அதே எர்காட்ல இருந்து வந்த மருந்துதான் பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கை நிறுத்த நாங்க போடுற மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி. அன்னைக்கு விஷம், இன்னைக்குத் தாய் உயிரைக் காப்பாத்துது.

15/
பழைய காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. கூட்டம், குளம், கிணறு, மலம் நாலும் சேர்ந்தா காலரா. 1867 ஹரித்வார் கும்பமேளாவுல கிளம்பின காலரா, வீடு திரும்பின யாத்ரீகர்களோட வட இந்தியா முழுக்கப் பரவுச்சு.

காமினோவுக்கு 12-ஆம் நூற்றாண்டுல எழுதின வழிகாட்டி நூல்லயே எந்த ஆத்துத் தண்ணியைக் குடிக்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு இருக்கு. ஏனுகுல வீராசாமியும் தண்ணியைப் பத்தி எழுதினார். நடந்தவங்களுக்குத் தெரியும், எமன் தண்ணியில இருக்கான்னு.

16/
சரி, நம்ம பாதைக்கு என்ன ஆச்சு? 1856 ஜூலை 1. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் சேவை. ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும், திருவள்ளூர் வழியா. நீங்க தினமும் வேப்பம்பட்டுல ஏறுற அரக்கோணம் லோக்கல் ஓடுறது அந்தத் தடத்துலதான்.

நாள் கணக்குல நடந்த தூரம் மணிக்கணக்கா சுருங்கிடுச்சு. 1944-ல திருமலைக்கு முதல் மலைப்பாதை ரோடும் வந்துடுச்சு. முடியாதவங்க, வயசானவங்க எல்லாரும் சாமி பார்க்க முடிஞ்சது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா நடக்கிறவர் குறைய, சத்திரத்துக்கு வேலை இல்லாமப் போச்சு.

17/
ஸ்பெயின்லயும் இதே கதைதான். 1980-கள் தொடக்கத்துல வருஷத்துக்குச் சில நூறு பேர்தான் நடந்து போய்ச் சேர்ந்தாங்க. பாதையே மறந்துபோச்சு.

அப்புறம் எலியாஸ் வலீஞான்னு ஒரு மலைக் கிராமத்துப் பாதிரியார், ரோட்டுக்கு அடிச்சு மிச்சமான மஞ்சள் பெயின்ட்டை வாங்கி, வழி நெடுக அம்புக்குறி போட்டார். 1993-ல கலீசியா அரசு ஊர் ஊருக்கு “அல்பெர்கே”ன்னு எளிய தங்குமிடங்களைத் திறந்துச்சு. பங்க் கட்டில், கழிவறை, குளிக்கத் தண்ணி, அவ்வளவுதான். அதே வருஷம் யுனெஸ்கோ பட்டியல். 2024-ல சான்றிதழ் வாங்கினவங்க கிட்டத்தட்ட 5 லட்சம்.

அவங்க திரும்பக் கட்டினது சத்திரத்தை. நடக்கிறவங்க தானா வந்தாங்க.

18/
நம்ம ஊர்ல தலைகீழ். நடக்கிறவங்க திரும்பி வந்துட்டாங்க. திருப்பதிக்கு, திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு, வேளாங்கண்ணிக்கு, பழனிக்குன்னு. சத்திரம் மட்டும் திரும்பி வரலை.

ஊர் மக்கள் பந்தல் போட்டு மோர், சுண்டல், சாப்பாடு கொடுக்கிறாங்க. அவங்களுக்குக் கோடி கும்பிடு. ஆனா அது விழா நாள்ல மட்டும். மத்த நாள்ல ராத்திரி நடக்கிறவர் படுக்கிறது மூடின கடை வாசல், பெட்ரோல் பங்க் ஓரம், ரோட்டுத் தோள்பட்டை. பக்கத்துலயே கன்டெய்னர் லாரி பறக்கும்.

19/
ராத்திரி டூட்டியில எங்ககிட்ட வர்றது இதுதான்: விடியக்காலை இருட்டுல வண்டி அடிச்சவர். சர்க்கரை நோயால உணர்ச்சி மரத்த கால்ல, தார் சூடு பட்டுக் கொப்பளம் வந்ததே தெரியாம ரெண்டு நாள் நடந்தவர். விரதம்னு சாப்பிடாம, சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டு மயங்கினவர். வெயில்ல உளற ஆரம்பிச்சவர்.

இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தேவையா இருந்தது ஐ.சி.யூ. இல்லை. அதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி நிழல், தண்ணி, படுக்க ஒரு பாய்.

20/
முடியாத காரியமா? நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறாங்க. எந்த ஊர்ல சாப்பாடு, எந்த ஊர்ல தங்கல்னு தலைமுறை தலைமுறையா ஏற்பாடு இருக்கு. வழி நமக்குத் தெரியாதது இல்லை.

சி.டி.எச். ரோட்டுல 15 கிலோமீட்டருக்கு ஒரு கூடம். கழிவறை, குடிநீர், விளக்கு, ராத்திரி தங்க அனுமதி. லீவு நாள்ல சும்மா இருக்கிற பள்ளிக்கூடம், சமுதாயக் கூடமே போதும். உங்க ஊராட்சி, நகராட்சிக் கூட்டத்துல இதைக் கேளுங்க. கோயில், சர்ச், தர்கா எதுக்கு நடந்தாலும் கால் ஒண்ணுதான்.

21/
நடக்கப் போறவங்களுக்கு:
• சர்க்கரை, பி.பி., இதய நோய் இருந்தா கிளம்பும் முன்ன உங்க டாக்டரைப் பாருங்க. விரதம் இருந்தா மாத்திரை, இன்சுலின் அளவு மாத்தணும்.
• சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோட நடக்காதீங்க. தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க.
• புதுச் செருப்பு வேண்டாம், பழகினது போடுங்க. கொப்பளத்தைக் குத்தாதீங்க.
• ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வச்சுக்கோங்க. இல்லைன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணி, 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
• 11 மணியிலிருந்து 4 மணி வரை நிழல்ல இருங்க. யாராவது உளறினா, உடம்பு கொதிச்சா, அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க, 108-க்குக் கூப்பிடுங்க. மயக்கத்துல இருக்கிறவர் வாயில எதையும் ஊத்தாதீங்க.
• எதிரே வர்ற வண்டி தெரியற மாதிரி ரோட்டோட வலது ஓரமா நடங்க. ராத்திரி நடந்தே ஆகணும்னா ஒளிரும் பட்டை, டார்ச் கட்டாயம்.

22/
நடக்காதவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. இந்தப் புரட்டாசியில வேப்பம்பட்டுலயோ செவ்வாப்பேட்டையிலயோ உங்க வீட்டு வாசல்ல ஒரு குடம் நல்ல தண்ணியும், உட்கார ஒரு பெஞ்சும் போடுங்க. கழிவறைக்கு வழி கேட்டா, குறிப்பா பெண்கள் கேட்டா, மறுக்காதீங்க.

திருவள்ளூர்ல அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை இந்த ரோட்டுல இன்னும் கேட்டுக்கிட்டேதான் நடக்கிறாங்க. எவ்வுள்?

பதில் சொல்ல வேண்டியது ரோட்டோரத்துல குடியிருக்கிற நாம.

பயன்படும்னு நினைச்சா, நடக்கப் போற யாருக்காவது அனுப்புங்க.